பாதியில் நின்ற காளான் படுக்கை

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளியின் காளான் மன்றத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு கேட்டுக்கொண்டார்கள். காளான் வளர்ப்பது எப்படி என்று சொல்ல நான் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே அது இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிற்சி தருகிறார்கள், துண்டறிக்கையும் தருகிறார்கள். அந்தத் துண்டறிக்கைகளில் எல்லாம் படுக்கை பதினைந்து, இருபது நாளில் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். பிறகு மொட்டு வரும், அறுவடை வரும்.

நாம் வீட்டிலோ பள்ளியிலோ செய்யும்போது நடப்பது வேறு. ஏழாம் நாள் வரை நன்றாகப் பரவிக்கொண்டிருந்த வெண்மை பத்தாம் நாள் பாதியில் நின்றுவிடும். மறுநாளும் அதே இடம், அதற்கடுத்த நாளும் அதே இடம். காத்திருப்பதா, எடுத்து எறிவதா என்று தெரியாது. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதம். அதற்கு முன்பு எங்கள் பள்ளியில் இரண்டு முறை சிப்பிக் காளான் வளர்த்து, இரண்டு முறையும் நன்றாகவே விளைந்திருந்தது. இரண்டுமே ஐப்பசி, கார்த்திகையில் போட்டவை என்பது அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அதைப் பார்த்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். மகளிர் குழுவில் கடன் எடுத்து, பயிற்சிக்கும் போய்வந்து, 12 புட்டி வித்து வாங்கி 24 படுக்கை போட்டார். வைக்கோல் நறுக்கி, ஊறவைத்து, அவித்து, கட்டித் தொங்கவிட மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாள் கூலியையும் விட்டார். வீட்டை ஒட்டிய சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட அறையில்தான் தொங்கவிட்டிருந்தார்.

பதினான்காம் நாள் காலையில் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், நெறைய பையில பாதிக்கு மேல வெள்ளை ஏறல. என்ன பண்றதுன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

என் மேசையில் திருத்த வேண்டிய தாள்கள் குவிந்திருந்தன. தலை நிமிர்ந்தேனா என்று கூட நினைவில்லை. "வித்து சரியில்லாம இருக்கும்மா. நின்னுபோனதை எடுத்துக் குப்பைக்குழியில போட்டுடச் சொல்லு. வச்சிருந்தா பச்சை பிடிச்சு மத்ததும் கெட்டுடும்" என்றேன். டீச்சர் சொன்னது என்பதால் அந்த அம்மா மறுபேச்சு பேசவில்லை. மிக மோசமாக இருந்த ஆறு பைகளைக் கொண்டுபோய்க் குழியில் போட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் மறுபடியும் வந்தாள். கையில் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. அதில் அவர்கள் அறையை வரைந்து, 24 வட்டம் போட்டு, எது எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பென்சிலால் நிழலிட்டிருந்தாள். கதவுப் பக்கம் தொங்கியவை ஏறக்குறைய முழுதும் வெளுத்திருந்தன. மேற்குச் சுவரை ஒட்டித் தொங்கியவைதான் நின்றிருந்தன. நான் எறியச் சொன்ன ஆறும் அந்த வரிசையில் இருந்தவை. இன்னொன்றும் செய்திருந்தாள். முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு நாள் மாலையும் ஸ்கெட்ச் பேனாவால், வெண்மை எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை பாலித்தீன் பையின் மேலேயே கோடு போட்டு வந்திருக்கிறாள். ஒரே பையில் அறையின் நடுவைப் பார்த்த பக்கம் கோட்டுக்கும் கோட்டுக்கும் விரல்கடை இடைவெளி. சுவரைப் பார்த்த பக்கம் நான்கு நாள் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"வித்துதான் கெட்டதுன்னா ஒரே பையில ஒரு பக்கம் மட்டும் எப்படி டீச்சர் வளரும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லை. அன்று மாலை ஆய்வக வெப்பமானியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாலை நாலரை மணிக்குக் கதவருகே 33 டிகிரி செல்சியஸ். பைக்கும் மேற்குச் சுவருக்கும் இடையில் வெப்பமானியைச் செருகி வைத்தால் 39 டிகிரி. பகல் முழுதும் வெயில் குடித்த சுவர், பையை வேகவைத்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் என்ன செய்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்றுமுதல் படுக்கை நின்றுபோனால் எந்த வரிசையில் காரணம் தேடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பைக்குள் நடப்பது என்ன?

நாம் வித்து என்று சொல்வது விதையல்ல. வேகவைத்த சோளத்தில் வளர்த்தெடுத்த பூஞ்சை இழை. பாடநூலில் மைசீலியம் என்று வருகிறதே, அதுதான். சோள மணியிலிருந்து அந்த இழை வெளியே வந்து வைக்கோலைப் பற்றும். நொதிகளைச் சுரந்து வைக்கோலில் உள்ள செல்லுலோஸையும் லிக்னினையும் வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அந்த வேலைக்கு நீர் வேண்டும், ஓரளவு காற்று வேண்டும், அளவான சூடு வேண்டும். வேலை நடக்கும்போது இழையும் வெப்பத்தை வெளிவிடும். அதனால் வளர்கிற படுக்கையின் உட்பக்கம் அறையின் வெப்பத்தைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். சுவரில் தொங்கும் வெப்பமானியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

சரியாக அமைந்த சிப்பிக் காளான் படுக்கையில் இரண்டு, மூன்று நாளில் சோள மணிகளைச் சுற்றிப் பஞ்சு போல வெண்மை தெரியும். ஒரு வாரத்தில் வித்துப் போட்ட அடுக்குகள் வெள்ளை வளையங்களாகத் தெரியும். பத்து, பன்னிரண்டு நாளில் வளையங்கள் ஒன்றோடொன்று கைகோக்கும். பதினைந்து முதல் இருபது நாளுக்குள் பை முழுதும் வெளுக்கும். இந்த நாள்காட்டி மனத்தில் இருந்தால்தான் எது தாமதம், எது நின்றது என்று பிரிக்க முடியும்.

தாமதம் வேறு, நின்றுபோவது வேறு. அந்தப் பெண் போட்ட கோடுதான் இதற்கு நான் கண்ட நல்ல அளவுகோல். கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தாலும் நகர்ந்துகொண்டிருந்தால் அது தாமதம். காத்திருக்கலாம். மூன்று, நான்கு நாள் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அது நின்றுவிட்டது. காரணம் தேட வேண்டும். கண்ணால் பார்த்து "நேத்தைவிட கொஞ்சம் ஏறியிருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் நம் ஆசைதான்.

எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

காரணத்தை யோசிப்பதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும். வெண்மை எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

முதலாவது, எங்குமே தொடங்கவில்லை. ஐந்தாறு நாளாகியும் சோள மணிகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன. இங்கேதான் வித்தைச் சந்தேகிக்க வேண்டும். வித்து மிகப் பழையதாக இருக்கலாம். புட்டியை வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுவந்திருக்கலாம். மூன்றாவது காரணம் நம் வீட்டிலேயே நடப்பது: அவித்த வைக்கோல் முழுதும் ஆறுவதற்குள் அவசரப்பட்டு வித்துப் போடுவது. மேலே ஆறியிருக்கும், குவியலின் நடுவில் கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டில் இழை செத்துப்போகும்.

வித்து உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியின் நெளிவுள்ள அட்டையைச் சிறிது கிழித்து, கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து ஆறவிடுங்கள். சுடுநீரில் கழுவிய கண்ணாடி டம்ளரில் அதைப் போட்டு, புட்டியில் மிச்சமிருக்கும் சோள மணிகள் நாலைந்தை அதன்மேல் வைத்து, மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். உயிருள்ள வித்தாக இருந்தால் நான்கைந்து நாளில் மணியிலிருந்து வெள்ளை இழை அட்டையைப் பற்றும். வித்து வாங்கியவுடனேயே பத்து மணிகளை இப்படிப் போட்டுவிட்டால், பின்னால் வித்தின்மேல் வீண்பழி போடாமல் இருக்கலாம். நான் போட்டது அப்படிப்பட்ட பழிதான்.

இரண்டாவது, அடிப்பகுதியில் நின்றது. மேலே வெள்ளையாக இருக்கிறது. அடியில் நாலு விரல் உயரத்துக்கு வைக்கோல் கருத்து நனைந்து கிடக்கிறது. சில சமயம் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தது போல வெண்மை நின்றிருக்கும். அது தண்ணீர் தேங்கிய மட்டம். நீர் நிறைந்த இடத்தில் காற்று இல்லை. காற்றில்லாத இடத்துக்கு இழை போகாது, பாக்டீரியா போகும், புளித்த வாடை வரும். வாடை வருவதற்கு முன் கண்டுகொண்டால், சுடுநீரில் துடைத்த ஊசியால் அடியில் நாலைந்து துளை போட்டுத் தொங்கவிடுங்கள். நீர் வடிந்தபின் வெண்மை மறுபடி இறங்கத் தொடங்குவதைப் பல முறை பார்த்திருக்கிறோம். வாடை வந்துவிட்டால் அந்தப் பையை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, எல்லாப் பக்கமும் மெலிந்து நின்றது. வெண்மை இருக்கிறது, ஆனால் சிலந்தி வலை போல மெல்லியதாக இருக்கிறது. பையைத் தூக்கினால் எடையே இல்லை. வைக்கோல் வெளிறிக் கிடக்கிறது. இது நீர்ப் பற்றாக்குறை. அவித்த வைக்கோலை அளவுக்குமேல் உலரவிட்டால் இப்படி ஆகும். வைக்கோலில் ஈரம் 60 முதல் 65 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். நமக்குக் கைதான் அளவுகோல். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டுச் சொட்டாக நீர் வடியக் கூடாது. பைக்குள் தண்ணீரை ஊற்றி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஊற்றிய நீர் நேராக அடிக்குப் போய், முன்னே சொன்ன கோளாறையும் சேர்த்துக் கொண்டுவரும். அறையில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டுக் காற்றின் ஈரத்தைக் கூட்டுங்கள். அடுத்த முறை வைக்கோல் ஈரத்தைக் கவனியுங்கள்.

நான்காவது, ஆங்காங்கே திட்டுத் திட்டாக நின்றது. ஓரிடத்தில் அடர்த்தி, பக்கத்தில் வெறும் வைக்கோல். இது பெரும்பாலும் நிரப்பும்போது செய்த பிழை. வைக்கோலைச் சரியாக அழுத்தவில்லை, இடையில் பொந்து விழுந்திருக்கிறது. இழை ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. வைக்கோலை ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கச் சொல்வதன் காரணம் இதுதான். நீளமாகப் போட்டால் எவ்வளவு அழுத்தினாலும் நிமிர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட படுக்கையைக் கலைக்க வேண்டாம். தாமதமானாலும் பெரும்பாலும் நிரம்பிவிடும்.

ஐந்தாவது, ஒரே பக்கமாக நின்றது. அந்த மாணவியின் வீட்டில் நடந்தது இது. காரணம் வெப்பம். சிப்பிக் காளான் இழை 25 டிகிரியை ஒட்டி நன்றாகப் படரும். 30-ஐத் தாண்டினால் தளரும். 35-ஐத் தாண்டினால் ஏறக்குறைய நின்றுவிடும். 40 டிகிரியை ஒட்டிய சூடு தொடர்ந்தால் செத்துப்போகும். குளிரில் கதை வேறு. கொடைக்கானலிலும் உதகையிலும் மார்கழியில் படுக்கை போடுகிறவர்கள் கூடுதல் நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. குளிர் இழையைத் தூங்க வைக்கும், சூடு கொல்லும். ஆகவே நின்ற படுக்கையைக் கண்டால் முதல் வேலையாக வெப்பமானியைப் பையோடு ஒட்டி வைத்து, காலையில் ஒருமுறை, மாலை மூன்று மணிக்கு மேல் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, வேறொன்று வந்து மறித்தது. வெண்மைக்கு எதிரே பச்சைத் திட்டு நிற்கும். டிரைக்கோடெர்மா எனும் பச்சைப் பூசணம் இது. தொடக்கத்தில் இதுவும் வெள்ளையாகவே இருக்கும் என்பதால் ஏமாற்றும். ஓரிரு நாளில் நடுவிலிருந்து பச்சை பூசும். வைக்கோல் சரியாக வேகாததும், மழையில் நனைந்த பழைய வைக்கோலும், கழுவாத கையும் இதற்கு வாசல். சில படுக்கைகளில் மெல்லிய காம்போடு சின்னக் குடைகள் முளைத்து ஓரிரு நாளில் கருத்து மையாகக் கரையும். அது மைக் காளான். அதிக ஈரத்துக்கும் அரைகுறையாக வெந்த வைக்கோலுக்கும் அது அடையாளம். இன்னும் சில படுக்கைகளில், வந்த வெண்மையே அழித்தது போலக் குறைந்துகொண்டு வரும். அங்கே சிறு ஈக்கள் பறக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றின் புழுக்கள் இழையைத் தின்னும். பையில் போட்ட துளைகளைப் பஞ்சால் அடைத்து வைப்பதும், சன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும் இதற்காகத்தான்.

வெண்மையின்மேல் மஞ்சள் கலந்த பழுப்புத் துளிகள் கோத்து நிற்பதைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். அது இழையே கசியவிடும் நீர். அறை சூடாக இருந்தாலும், வேறு பூசணத்தோடு இழை மல்லுக்கட்டினாலும் அது கூடும். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்காகவே எறிய வேண்டியதில்லை.

பை முழுதும் வெளுத்தும் மொட்டு வரவில்லை என்று சொல்வார்கள். அது நின்றுபோன படுக்கை இல்லை. இழை தன் வேலையை முடித்துவிட்டது. இனி அதற்குத் தேவை காற்றோட்டம், மங்கலான வெளிச்சம், 75, 80 சதவீதத்துக்குக் குறையாத காற்று ஈரம். பையைக் கிழித்துவிட்டு, நாளுக்கு இரண்டு, மூன்று முறை நீரைப் புகைபோலத் தெளித்து, சன்னலைத் திறந்து வையுங்கள். காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்று போதவில்லை என்று பொருள்.

வைப்பதா, எறிவதா?

முன்பு எனக்கு இரண்டே இடம்தான் தெரியும்: ஒன்று அறை, மற்றது குப்பைக்குழி. இப்போது மூன்றாவதாக ஓர் இடம் வைத்திருக்கிறோம். மாணவர்கள் அதற்கு "ஒதுக்கு மூலை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற படுக்கைகளிலிருந்து விலகி, நிழலான, குளிர்ந்த வேறொரு இடம். சந்தேகமான பை அங்கே போகும். மேலே தேதி எழுதி, கோடு போட்டு ஒரு வாரம் பார்ப்போம். கோடு நகர்ந்தால் பிழைத்தது. பச்சை பரவினாலோ, புளித்த வாடை அடித்தாலோ, பை கொழகொழவென்று ஆனாலோ, அவிழ்க்காமல் அப்படியே எடுத்துப்போய் வளர்ப்பு அறைக்கு எட்டத்தில் குழியில் புதைத்துவிடுவோம். உள்ளேயே பிரித்துப் பார்த்தால் பூசண வித்துகள் அறை முழுதும் பறந்து நல்ல படுக்கைகளையும் பிடித்துக்கொள்ளும். ஒதுக்கு மூலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுத்த படுக்கையைத் தொடக்கூடாது என்பது எங்கள் மன்றத்தின் சட்டம்.

வகுப்பறைக்கு இதில் என்ன இருக்கிறது?

நான்கு பை போதும். மூன்றை ஒரே மாதிரி வைத்து, ஒன்றில் மட்டும் ஒன்றை மாற்றுங்கள். ஒருமுறை ஈரம், ஒருமுறை வைக்கும் இடம், ஒருமுறை நறுக்கும் நீளம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் பதியாத பிள்ளைகளுக்கு, நான்கு பைகள் பதினைந்து நாளில் புரியவைத்துவிடுகின்றன. கோடுகளின் இடைவெளியை அளந்து நாளுக்கு எதிராக வரைபடம் போட்டால் அது கணக்கு வகுப்பு. வளைவு எங்கே படுத்துக்கொண்டதோ, அன்று என்ன நடந்தது என்று குறிப்பேட்டைப் புரட்டினால் அது ஆய்வு.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். வைக்கோல் அவிப்பதும் கொதிநீரை வடிப்பதும் பெரியவர்கள் வேலை, பிள்ளைகளை நெருங்கவிட வேண்டாம். பூசணக்கொல்லியும் ஃபார்மலினும் கலந்து வைக்கோலைச் சுத்தம் செய்யும் முறை உண்டு. பள்ளிக்கு அது வேண்டாம், ஒரு மணி நேரம் கொதிநீரில் அவிப்பதே போதும். காளான் விரியத் தொடங்கிவிட்டால் அது உதிர்க்கும் வித்துத்தூள் சிலருக்கு இருமலையும் மூச்சிரைப்பையும் தரும். எனவே படுக்கையை வகுப்பறையில் வைக்கக் கூடாது. குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே அறுவடை செய்துவிட வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் குறிப்பேட்டுப் பணியைக் கொடுங்கள். மழைக்காலத்தில் வேலியோரம் முளைப்பதையும், வித்துப் போடாமல் படுக்கையில் தானாக முளைப்பதையும் உண்ணக் கூடாது என்பதை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடையில் வளர்க்க விரும்புகிறவர்கள் பால் காளானுக்கு மாறலாம். அது 30 முதல் 35 டிகிரி வெப்பத்தையும் விரும்பி ஏற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்ற பெயரில் வெளியிட்ட ரகம் பால் காளான்தான். வெளுத்த படுக்கையின்மேல் அவித்த மண்ணைப் போர்த்தும் வேலை ஒன்று அதில் கூடுதல். பங்குனியில் சிப்பிக் காளான் போடப் போகிறேன் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பியபோது நான் சொல்லியிருக்க வேண்டியது இது. அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மீதியிருந்த 18 பைகளையும் மேற்குச் சுவரிலிருந்து விலக்கி, கிழக்குப் பக்கம் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டோம். மேற்குச் சுவரின் வெளிப்புறம் தென்னங்கீற்றுகளைச் சாத்தினோம். உட்புறம் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, தரையில் மணல் பரப்பி நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்கச் சொன்னோம். அறை 31 டிகிரிக்கு இறங்கியது. மூன்றாம் நாள் மாலை அந்தப் பெண் போட்ட கோடு, பழைய கோட்டைவிட்டு ஒரு நூல் தள்ளி விழுந்தது. 18-இல் 13 முழுதும் வெளுத்தன. ஐந்து பச்சை பிடித்துப் போயின. வித்துக்கும் பைக்கும் போட்ட காசு திரும்பியது. விட்ட மூன்று நாள் கூலி வரவில்லை.

சித்திரை பிறந்ததும் ஒரு கோடை மழை பெய்தது. ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வு முடிந்து அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள். வாழையிலையில் எதையோ பொதிந்து கொண்டுவந்திருந்தாள். பிரித்தால், உள்ளே ஒரு கொத்துச் சிப்பிக் காளான்.

"தூக்கிப் போட்டோமே டீச்சர், அந்த ஆறு பை. வேப்பமரத்தடிக் குழியில கெடந்துச்சு. மழை பேஞ்சதும் ரெண்டு பையில வந்திருக்கு. குப்பையில வந்ததைச் சாப்பிட வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க. டீச்சர்கிட்ட காட்டிட்டு வான்னாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதிசயமாகத்தான் காட்டினாள். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்மா. அம்மாகிட்டயும் சொல்லு" என்றேன். அன்று மாலை நானே போய் அவர் அம்மாவிடமும் சொன்னேன். அவர், "அதனால என்னங்க டீச்சர், அடுத்த தடவை ஐப்பசியில போட்டுக்கலாம்" என்றார். சொன்னபடி அந்த ஐப்பசியில் பத்துப் படுக்கை போட்டார். இன்றும் போடுகிறார்.

அந்த ஆறு பைகளும் சூட்டில் தளர்ந்திருந்தன, சாகவில்லை. நிழலும் ஈரமும் கிடைத்ததும் எழுந்துகொண்டன. அன்று காலை தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, "எந்தப் பக்கம் நின்னுச்சு?" என்று அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவை ஆறும் அறையிலேயே இருந்திருக்கும். விடை அவள் நோட்டில் அப்போதே இருந்தது.

உங்கள் பள்ளியில் படுக்கை போடும்போது, முதல் நாளே ஒரு ஸ்கெட்ச் பேனாவை நூலில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பிள்ளைகள் கோடு போடட்டும். ஒரு படுக்கை நின்றுவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், தீர்ப்புச் சொல்லும் முன் அவர்களோடு போய் அந்தக் கோடுகளைப் பாருங்கள்.